உடுன்னு சொன்னது யாரு

ஏனுங்கக்கா, இந்த ரயில்வே கேட்ட எப்பத் தொறப்பான்? போட்டு நொம்ப நேரமாச்சுங்களா? சித்தே நவுந்து குடுங்க, உக்காந்துக்கறேன். தேங்கா நாரு எடுக்கற மஞ்சி மில்லுல நின்னே பழகுன காலு. நின்னா வலிக்கறதில்ல, உக்காந்தா கடுக்குது. அது ஒரு கூத்து.

டிரைவரப் பாருங்க, இஞ்சின ஆஃப் பண்ணிப்போட்டு போன நோண்டிட்டு உக்காந்திருக்கறாரு. அண்ணா! டிரைவரண்ணா! இன்னும் எத்தன நேரமுங்க? பாத்தீங்களா, அவரு திரும்பல, பஸ்ஸுல இருக்கற மத்த எல்லாரும் திரும்பறாங்க. பாத்தாப் பாக்கட்டும். எங்கொரலு அப்பிடி. மில்லுல மெஷின் ஓடறப்ப அந்தக் கோடியில இருக்கறவளக் கூப்பிடோணும்னா சூப்பர்வைசரு என்னையத்தான் கூப்பிடச் சொல்லுவாரு. மைக்கே வேண்டாம், துளசி இருந்தாப் போதும்பாரு.

எனக்கு பதினொண்ணுக்குள்ள ஆலமேடு பிரிவுல எறங்கியாகோணுங்க. எம் புள்ள மரம் ஏறறா.

சிரிக்காதீங்கக்கா. தேங்கா போடறதுக்கில்ல. இது வேற. ஸ்கூல்ல, ரோட்டோரத்துல, பெரிய பெரிய பங்களாவுல எல்லாம் வயசான மரம் நிக்குதில்லீங்களா, அதுல பட்டுப்போன கெளை எது, நோவு புடிச்ச கெளை எதுன்னு பாத்து, அத மட்டும் அறுத்து, கீழ ஓட்டு மேல, கரண்டுக் கம்பி மேல உழுகாம கயித்துல கட்டி எறக்கறது. பெல்ட்டு மாட்டிட்டு, தலைக்கு ஹெல்மெட்டு போட்டுட்டு, கயித்துல தொங்கிட்டேதான் செய்யோணும். அதுக்குன்னு ஒரு ட்ரெய்னிங் சென்டர் போட்டிருக்கறாங்க. எல்லாம் இருவது, இருவத்திரண்டு வயசுப் புள்ளைங்க. பொட்டப்புள்ளன்னு பாத்தா எம் மைதிலி ஒருத்திதான்.

பி.காம் முடிச்ச புள்ளைங்க! பேங்க்குக்குப் பரீச்சை எழுதுடின்னா, "போம்மா, எனக்கு நாற்காலில உக்காந்தா தூக்கந்தான் வரும்"ங்கறா. எங்கக்கா வூட்ல கேட்டுட்டு, என்ன துளசி, காலேஜு வரைக்கும் படிக்க வெச்சு கடைசில கொரங்குக்கு வாக்கப்பட உட்டுட்டியான்னாங்க. எனக்கு எப்பிடி இருக்கும்? எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லி அழுதா, அந்த மனுசன் டெம்போவத் தொடச்சுக்கிட்டே, "ஏறட்டும் உடு"ங்கறாரு. எல்லாத்துக்கும் உடுதான். வெலவாசி ஏறிப்போச்சுன்னாலும் உடு, கூரை ஒழுகுதுன்னாலும் உடு.

ஆனா ஒண்ணு சொல்லோணுமுங்க. அவ ஏறுனா அழகு. நானே வாய் பொளந்து பாத்திருக்கறேன். கயித்துல காலச் சுத்தி ஒரு உந்து உந்துவா பாருங்க, அடுத்த கெளைக்குப் போயிருவா. அந்த இருதயராஜ் மாஸ்டரு, அவருதான் அங்க எல்லாம், லேசுல ஆரையும் மெச்ச மாட்டாரு. அவரே எங்கிட்ட, "அம்மா, இவளுக்கு மரம் பயப்படாது, இவ மரத்துக்குப் பயப்பட மாட்டா"ன்னாரு. என்ன சொன்னாருன்னு எனக்குப் புரியல, ஆனா நல்ல வார்த்தைன்னு தெரிஞ்சுது.

எனக்குத்தான் பயம். பெத்தவளுக்கு இருக்காதுங்களா? அவ எட்டாவது படிக்கறப்ப ரோட்டக் கிராஸ் பண்றா, ஒரு பைக்குக்காரன் காத்தாட்ட வாறான். நான் கடைக்குள்ள இருந்து "ஏய்ய்ய் நில்லுடீ"ன்னு ஒரே ஒரு சத்தம். நின்னுட்டா. பைக்கு அவ பாவாடைய ஒரசிட்டுப் போச்சு. அந்தச் சத்தம் இல்லைன்னா இன்னிக்கி எம் புள்ள இல்லீங்க. அதுல இருந்து அவளுக்கு ஒண்ணுன்னா எந்தொண்டை தானாத் தெறந்துக்கும். நான் தெறக்கறதில்ல.

மணி என்னங்க? பத்தரையா? அய்யோ சாமி, இந்தக் கேட்டுக்காரன் நல்லா இருப்பானா.

எதுக்கு இப்பிடிப் பறக்கறேன்னு கேக்கறீங்களா? இது ரெண்டாந்தடவ பரீச்சைங்க. மொதத் தடவ நடந்து ஒரு வருசமாச்சு. இன்னிக்கும் ஆகலீன்னா மறுக்கா கெடையாதுன்னுட்டாங்க. பாஸானா கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில வேல தயாரா இருக்குது. மேல ஏறற வேல. இல்லைன்னா, கீழ நின்னு குப்பை பொறுக்கறதுக்கு மட்டும் எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாங்களாம். அவ அதுக்கு ஒத்துக்குவாளா? செத்துப்போயிருவா.

மொதத் தடவ என்னாச்சுன்னா, அதுக்கு முந்தி இவங்க வேல செய்யற மொறையச் சொல்லிப்போடறேன். மேல ஒருத்தரு, கீழ ஒருத்தரு. மேல இருக்கறவ கெளையில கயித்தக் கட்டிட்டு அறுப்பா. அந்தக் கயிறு மேல ஒரு கவட்டையில ஏறி, கீழ எறங்கி, அடிமரத்துல சுத்தி, கீழ நிக்கறவன் கையில இருக்கும். கெளை அறுந்ததும் அப்பிடியே தொங்கும். அப்ப இவ நவுந்து மரத்துக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிக்கோணும். ஒதுங்கிட்டு "உடு"ன்னு சொல்லுவா. சொன்னாத்தான் அவன் கயித்த உடோணும். கீழ நிக்கறவனுக்கு மேல ஒண்ணும் தெரியாதுங்க, எலை மறைச்சுக்கும், கண்ணுல மரத்தூளு உழுகும்னு குனிஞ்சுதான் நிப்பான். அவனுக்குக் காதுதான் எல்லாம்.

மாஸ்டரு மொதல்ல இங்கிலீசுல சொல்லிக் குடுத்தாராம். பசங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு பண்ணவும், இவங்களே பேசி, "புடி", "உடு" ரெண்டே வார்த்தைன்னு வெச்சுக்கிட்டாங்க. வூட்லயும் அதே கூத்துத்தான். மாடியில நின்னுட்டு தண்ணிக் கேனுல கயித்தக் கட்டி, அவங்கப்பனக் கீழ நிக்க வெச்சு, புடி, உடு, புடி, உடு. ஒரு நாளு நான் அடுப்படில இருந்து, அந்தப் பூனைய உடு வெளியேன்னு சொல்ல, இந்த மனுசன் கயித்த உட்டு, கேனு ஒடஞ்சுபோச்சு. எம்மேல கத்தறாருங்க! நான் பூனையச் சொன்னதுக்கு இவரு கயித்த உட்டா அதுக்கு நானா பொறுப்பு? அத உடுங்க.

பரீச்சையன்னிக்கி பெத்தவங்களும் வந்து பாக்கலாம்னாங்க. கீழ கயிறு புடிக்கறதுக்கு பூபதின்னு ஒரு பையன். தாராபுரத்துப் பக்கம். ஒல்லியா, வெடவெடன்னு. பாத்தப்பவே எனக்குப் பத்தலீங்க. இவன நம்பியா எம் புள்ள தொங்கறான்னு நெனைச்சேன். எங்களையெல்லாம் ஒரு செவப்பு ரிப்பனுக்கு இக்கட்டால நிக்க வெச்சுட்டு மாஸ்டரு வந்து, "வேல முடியற வரைக்கும் ஆரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, போன அணைச்சிருங்க, கொழந்தைங்கள அக்கட்டால கூட்டிட்டுப் போயிருங்க"ன்னாரு. நானும் தலையாட்டுனேன். பக்கத்துல ஒரு பொம்பள மிக்சரு பாக்கெட்டப் பிரிச்சதுக்கு நாந்தான் அவளத் திட்டுனேன்.

தூங்குமூஞ்சி மரமுங்க. எத்தாம் பெருசு! அதுல பட்டுப்போன கெளை ஒண்ணு, ஓட்டுச் செட்டு மேல நீட்டிட்டு நிக்குது. மைதிலி ஏறுனா. கட்டுனா. வாள எடுத்து அறுக்கறா. பொட்டுச் சத்தமில்ல. நான் முந்தானைய வாயில வெச்சுக் கடிச்சுட்டிருக்கறேன்.

கெளை மடார்னு அறுந்துச்சு. அறுந்தது தொங்கிச்சுங்க, தொங்குனது கம்முனு தொங்கக்கூடாது? ஒரு ஆட்டம் ஆடிட்டு நேரா அவ மொகத்தப் பாத்து வருது. ஆளு ஒசரக் கெளை! அவ என்னடான்னா, ஒதுங்காம, ஒரு கைய நீட்டி அதப் புடிச்சு நிறுத்தப் பாக்கறா. எனக்குத் தாங்குமா? "உட்டுரு சாமி! உடு! அத உடு!"ன்னு கத்திட்டேன். கெளைய உட்டுட்டு ஒதுங்கட்டுமேன்னுதானுங்க. வேறென்ன? அவ்வளவுதான். ஒரே ஒரு சத்தம்.

நான் சொல்லி வாய மூடல, அந்தப் பாவி கயித்த உட்டுட்டான்! ஆராவது உடுவானாங்க? புள்ள இன்னும் ஒதுங்கவே இல்ல. சர்ர்ருனு கயிறு ஓடுது, கெளை எறங்கறப்ப அவ கை மேல இடிச்சு, இழுத்து, அவ தலகீழாத் தொங்கறா. பெல்ட்டு இருந்ததால தப்பிச்சா. அவ கையில இருந்து ரத்தம் சொட்டுச் சொட்டா அந்த ஓட்டு மேல உழுகுது. நான் ரிப்பன அத்துட்டு ஓடுனேன். மாஸ்டரு கொரங்காட்ட ஏறி, அவள எடுத்துத் தோள்ல போட்டு எறக்குனாரு. முன்னங்கை ரெண்டு எலும்பும் போச்சுங்க. தகடு வெச்சுத்தான் சேத்துனாங்க.

ஏனுங்கக்கா, தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க. ஆங், போதும் போதும்.

ஆசுபத்திரியில அந்தப் பூபதி மூலையில நின்னு அழுதுட்டிருக்கறான். நேராப் போயி வெச்சேன் பாருங்க ஒரு அறை! "எம் புள்ளையக் கொல்லவாடா கயித்த உட்டே?" அவன் கன்னத்தக்கூடத் தொடல. "அம்மா, மைதிலி கொரலுங்கம்மா. உடுன்னு சொன்னா. சத்தியமா எங்காதுல கேட்டுச்சு. அவ கொரலு எனக்குத் தெரியாதா"ங்கறான். என்ன நெஞ்சழுத்தம்! அவ எங்க சொன்னா? நான் அவ மொகத்தையேதான் பாத்துட்டு நின்னேன். பல்லக் கடிச்சுட்டு இருந்தா, ஒதடு அசையல.

எங்க ரெண்டு பேரு கொரலும் ஒண்ணுங்க, அது வேற விசயம். நான் போனெடுத்து அலோன்னா, எங்கக்காளே, "மைதிலியா, அம்மாகிட்டக் குடு கண்ணு"ம்பா. அவளக் கட்டிக் குடுக்கற எடத்துல மாப்பிள்ளையே கொழம்பப் போறான்னு கேலி பண்ணுவாங்க.

மாஸ்டரு வந்தாரு. கட்டிலுகிட்ட நின்னு, "மைதிலி, நெஜத்தச் சொல்லு. பூபதி தானா உட்டிருந்தா அவன் இனிமேட்டு கயித்தத் தொடக்கூடாது, இன்னிக்கே ஊட்டுக்குத் தாட்டி உட்டுருவேன். உடுன்னு சொன்னது யாரு?"ன்னு கேட்டாரு.

எம் புள்ள அவரப் பாக்கல. என்னையப் பாத்தாங்க. வலியில கண்ணெல்லாம் செவந்து கெடக்குது, அதோட என்னையே பாத்துட்டிருந்தா. நாங்கூட, சொல்லு கண்ணு, பயப்படாதன்னு தலைய ஆட்டுனேன். அவ திரும்பி, "நாந்தான் சொன்னேன் மாஸ்டர்"ங்கறா.

பச்சைப் பொய்! "இல்லீங்க மாஸ்டர், இவ வாயே தெறக்கல, நான் பாத்துட்டேதான் நின்னேன்"னு சொன்னேன். அவரு மெதுவா எம்பக்கம் திரும்பி, "நீங்க எங்கம்மா நின்னீங்க? ஏதாச்சும் பேசுனீங்களா?"ன்னாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள இவ அந்த ஒடஞ்ச கையோட எந்திரிக்கப் பாத்து, "நாந்தான்னு சொல்றேனில்ல மாஸ்டர்! அவசரப்பட்டுட்டேன். எந்தப்பு. அம்மாகிட்ட என்ன கேக்கறீங்க?"ன்னு ஆசுபத்திரியே அதிர்ற மாதிரிக் கத்தறா. மாஸ்டரு என்னையும் அவளையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, சரிம்மான்னுட்டு போயிட்டாரு.

முடிஞ்சுதுங்க. மேல இருந்து தப்பா வார்த்தை குடுத்தவ ஏறறதுக்கு லாயக்கில்லைன்னு பெயிலாக்கிட்டாங்க. அந்தப் பூபதி பாஸாகி, மைசூர்ல வேலைக்குப் போயிட்டான். மத்த பசங்களும் ஆளுக்கொரு பக்கம் போயாச்சு. தப்புப் பண்ணுனவன் சம்பாரிக்கறான், எம் புள்ள மாவுக்கட்டோட வூட்ல. இது எந்த ஊரு நாயமுங்க?

எனக்குச் சந்தேகமாப் போச்சு. அவனுக்காக ஏன்டி பழிய ஏத்துக்கிட்டே, அவன்மேல ஏதாச்சும் ஆசையான்னு கேட்டுப்போட்டேன். அதுக்கு அவ சிரிச்சாங்க. சிரிச்சு சிரிச்சு, கடைசில அழுதுட்டா. "ஆமாம்மா, ஒருத்தர் மேல இருக்கற ஆசையிலதான் சொன்னேன். அவங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க"ங்கறா. பாத்தீங்களா? எனக்கு அப்பவே தெரியும், அந்த ஒல்லிப்பயதான்.

ஏனுங்கக்கா, என்னாச்சு? மொகம் ஒரு மாதிரி ஆயிப்போச்சு? சன்னலோரம் வேணுமுங்களா? இல்லையா? சரி.

ஆ, தொறந்துட்டான்! தொறந்துட்டானுங்க! அண்ணா, எடுங்க எடுங்க! அப்பாடி. இனி போயிரலாம். அவ ஏறறதுக்குள்ள நான் போயி நின்னுக்குவேன்.

இன்னிக்கு அவளுக்குத் தெரியாதுங்க நான் வாறது. மில்லுக்குப் போறேன்னு சொல்லியிருக்கறேன். ஏன்னா, காலையில ஷூவக் கட்டிட்டு வந்தவ, திடீர்னு எங்கால்ல உழுந்தாங்க. ஆசீர்வாதம் வாங்கறாளாக்கும்னு திருநீத்த எடுத்தேன். எந்திரிக்காமயே ரெண்டு காலையும் கட்டிப் புடிச்சுட்டு, "அம்மா, நீ மட்டும் வந்துராத. இன்னிக்கு ஒரு நாளைக்கு வராத. உனக்குப் புண்ணியமாப் போகும்"ங்கறா. எனக்குப் பொக்குனு போயிருச்சு. எந்தத் தாயாவது இதக் கேட்டா தாங்குவாளா? சரி கண்ணுன்னேன். சத்தியம் பண்ணுன்னா. "வந்தாக்கூட வாயத் தெறக்க மாட்டேன், போதுமா?"ன்னு சத்தியம் பண்ணேன். அவங்கப்பன் வாசல்ல நின்னுட்டு, என்னிக்கும் இல்லாத மாதிரி, "துளசி, போகாத"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு டெம்போவ எடுத்துட்டுப் போயிட்டாரு. எல்லாருமாச் சேந்து எங்கிட்ட என்னத்தையோ மறைக்கறாங்க.

நீங்களுமாங்க? போக வேண்டாங்கறீங்க? ஏனுங்க, நான் கதை கதையாச் சொன்னேனே, காதுல உழுகலையா? நான் பாத்துட்டு இருக்கறப்பவே இப்பிடி நடந்துச்சுன்னா, பாக்காதப்ப என்னாகும்?

பயப்படாதீங்க, நான் கத்த மாட்டேன். சத்தியம் சத்தியந்தான். அதுவுமில்லாம, இப்பக் கத்துனாலும் ஆரும் கேக்க மாட்டாங்க. அங்க மொறைய மாத்திட்டாங்க. வார்த்தையே வேண்டாம்னு மாத்தச் சொன்னதே எம் புள்ளதானாம். இப்ப எல்லாம் விசிலு. கழுத்துல கட்டித் தொங்க உட்டுட்டு மேல இருந்து ஊதறா. ஒரு ஊது ஊதுனா ஒண்ணு, ரெண்டு ஊது ஊதுனா இன்னொண்ணு. எது புடிக்கறது, எது உடறதுன்னு வூட்ல ஊதி ஊதிப் பழகுனா, எனக்கெங்க ஞாபகம் இருக்குது? ஆனா ஊதுனா கீழ இருக்கறவன் ஒடனே கேட்டுக்கறான், அத மட்டும் பாத்துக்கிட்டேன்.

அதனால இத வாங்கியாந்தேன். பாருங்க. பஸ் ஸ்டாண்டு பொம்மைக் கடையில. சின்னதா இருக்குதேன்னு பாக்காதீங்க, ஊதிப் பாத்துத்தான் வாங்குனேன், காதத் தொளைக்குது. நான் பாட்டுக்குப் பின்னாடி ஒரு ஓரமா நிப்பேன். வாய் பேச மாட்டேன். அவளுக்கு ஒண்ணு ஆகற மாதிரி இருந்தா மட்டும் ஒரே ஒரு ஊது. கண்டக்டரு ஊதுனா இத்தாம் பெரிய பஸ்ஸே நிக்குதில்லீங்களா? ஆங், பாருங்க, நல்லாப் பாருங்க. கையில வாங்கிப் பாருங்க.

ஆலமேடு பிரிவு வந்துருச்சு! எறங்கறேன், எறங்கறேன், இருங்கண்ணா! குடுங்கக்கா. விசிலக் குடுங்க. ஏன் கைய மூடிக்கிட்டீங்க? வெளையாடாதீங்கக்கா, கண்டக்டரு திட்டறாரு. தலைய ஆட்டாதீங்க, வாயத் தெறந்து என்னான்னு சொல்லுங்க. எதுக்குங்க நீங்க அழுகறீங்க? மணி பதினொண்ணு ஆச்சுங்கக்கா. குடுத்துருங்க. எம் புள்ள மரத்துல நிக்கறா.